ஐஸ் கம்பனி முற்றம்

உட்துறைமுக வீதியில்
நாலரைக்கு வள்ளக்காரர் ஐஸ் ஏற்றிப் போன பிறகு
ஈரச் சிமெந்தில் மிஞ்சிக் கிடக்கும்
உடைசல்கள்தான் எங்களுக்குப் பந்து.
கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கழிவு என்று பெயர்.
எழுதுவது நான்.
நாளுக்கு எட்டுக் கிலோ கூட்டி எழுதுகிறேன்.
முதலாளிக்குத் தெரியும்,
தெரியாதமாதிரி இருக்கிறார்.

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய பொதியில்
சொக்லேட்டுக்கும் சம்போவுக்கும் அடியில்
அவளுடைய மகன் வளர்ந்து கழித்த
காற்பேட் ஒரு சோடி.
அங்கே அவன் நின்றது உறைந்த தரையில்.
இங்கே விடியற்புறமும் தரை சுடுகிறது,
உறைந்திருப்பது பந்து மட்டும்.

ஒரு சோடி பேட், இரண்டு கீப்பர்.
லிங்கநகர் டினோஜா,
ஜமாலியா ஹஸ்னியா.
ஆளுக்குப் பத்து அடி, பிறகு மாற்று.

ஐஸ் துண்டு உருண்டு வராது,
சத்தமும் போடாது.
முதல் அடியில் உள்ளங்கை அளவு,
ஐந்தாவதில் தேய்ந்த சவர்க்காரம்,
பத்தாவதில் தேசிக்காய்க்கும் காணாது.
மட்டையைப் பார்க்காதே,
அடிக்கிறவளின் முகத்தைப் பார்க்காதே,
சிறுக்கிறதைப் பார் என்பேன்.

டினோஜாவுக்குப் பயமில்லை.
கொடிக்கம்பம்போல நிமிர்ந்து நிற்பாள்.
ஹஸ்னியா அடி விழ முந்தியே கூனிவிடுவாள்,
கண்ணை மட்டும் மூடமாட்டாள்.
பயப்படாதே பயப்படாதே என்று
அவளைப் பார்த்து ஒரு வருசம் கத்தினேன்.
நல்ல கோச் என்று
என்னை நானே நினைத்துக்கொண்ட வருசம்.

மாகாணப் போட்டி, மட்டக்களப்புப் பெட்டைகள்.
மான்கள் இரவு மேய்ந்துவிட்டுப் போன புழுக்கையைக்
கூட்டித் தள்ளிய பிறகுதான் கோடு போட்டோம்.
போட்ட சுண்ணாம்பைக்
கச்சான் காற்று பாதி கொண்டுபோனது.

டினோஜாவை நிறுத்தினேன்.
மூன்று கோல்.
மூன்றும் தரையோடு,
மூன்றும் இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவில்.
ஒன்றுக்கும் அவள் பயப்படவில்லை.

அரைநேரத்தில்
ஹஸ்னியா தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள்.
கத்திக்கு மேலேயும் கூனித்தான் இருந்தாள்.
பந்து வருகிற உயரத்தில் அவள் கண்.
ஒரு வருசமாய் நான்
நிமிர்த்தப் பார்த்தது இதைத்தானா?

மாத்துங்கோ என்றேன்.
டினோஜாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.
தோடம்பழத்தைப் பார்த்துச் சொன்னேன்.
அன்றைக்கு மூன்று கோலை விடவும்
எனக்கு வெட்கம் அதுதான்.

காலுக்கு ஆறு பக்கிள்.
அதில் ஒன்று அறுந்து
ஓட்டோ டியூப் வாரால் கட்டியது.
அந்த முடிச்சு டினோஜாவுக்கு மட்டும்தான் வரும்.
மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
எனக்குக் கை ஓடவில்லை.

அவள் பேட்டைக் கழற்றினாள்.
கழற்றிய சூட்டோடு
புழுதியில் முழங்கால் குத்தி இருந்து
ஹஸ்னியாவின் காலில் பூட்டத் தொடங்கினாள்.
பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கினாள்.
"ஏழாம் நம்பர் இடப்பக்கம்தான் அடிக்கிறாள்.
கீழால வரும்.
பத்தாவது ஐஸ் மாதிரி,
அவ்வளவு சின்னதாத் தெரியும்."
ஓம் என்றாள் ஹஸ்னியா.
அவளுடைய பல் தந்தியடித்தது எனக்கே கேட்டது.

மூன்றுக்கு ஒன்று, தோற்றோம்.
மூன்று நாலாகவில்லை என்பதை
அடுத்த நாள் பேப்பரில் யாரும் எழுதவில்லை,
எழுதுகிற அளவு போட்டியும் இல்லை.

திங்கள் டினோஜா வரவில்லை.
செவ்வாயும்.
புதன் ஐந்து மணிக்கு
கடைசி வள்ளக்காரன் வாளி தூக்குமுன்னே
முற்றத்தில் நின்றாள்.
என்னோடு கதைக்கவில்லை.
பேட்டைக் கட்டினாள்,
ஹஸ்னியாவிடம் மட்டையைக் கொடுத்தாள்,
இடது முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தாள்.

உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து
கழிவு நிரலில்
பதினாறு கிலோ என்று எழுதினேன்.