வியாழக்கிழமை இலைகள்

அவரை நான் பார்த்ததில்லை.
பாதம் எப்படி அழுத்தும் என்று மட்டும் தெரியும்.

யுவாஸ்குலா நகரில், மூன்றாவது மாடியில்,
உறைந்த ஏரியைப் பார்த்த ஜன்னலோரம்
இரண்டாயிரத்து நூறு கார்களின் மூச்சை
எண்ணிக்கொண்டிருப்பது என் வேலை.
மெல்லப் புறப்பட்டால் ஓர் இலை.
தூரத்துச் சிவப்பைக் கண்டதுமே காலைத் தளர்த்தினால் ஓர் இலை.
நின்ற இடத்தில் என்ஜினை அணைத்தால் நிமிடக் கணக்கில் இலை.
நூறு சேர்ந்தால் அடுத்த பிரீமியத்தில் எட்டு சதவீதம் உதிரும்.
"இலை துளிர்க்க, தொகை உதிர":
இந்த வரியை எழுதியவனுக்கு
விளம்பரப் பிரிவில் கேக் வெட்டினார்கள்.
எனக்கும் ஒரு துண்டு வந்தது, ஓரத்துண்டு.

ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது
கால் எவ்வளவு வாயாடி என்று.
திங்கட்கிழமைக் கசப்பு
மூன்றாம் கியருக்குள் வெளிவந்துவிடும்.
கடன்பட்டவன் பிரேக் வேறு,
காதலில் இருப்பவன் பிரேக் வேறு.

எழுபத்தொன்று நான்கு, பழைய டீசல்.
பெயர் வராது, எண் மட்டும்தான்.
எச்சரிக்கைக் கடிதம் எழுதும்போதுதான் பெயர் திறக்கும்.
வியாழன்தோறும் மாலை, லௌகாவைத் தாண்டி,
மடியில் முட்டைக்கூடை இருப்பதுபோல் ஓட்டிப்போய்
ஓரிடத்தில் நிற்கும்.
என்ஜின் அணையும்.
நாற்பது நிமிடம். சில நாள் நாற்பத்திரண்டு.
மைனஸ் இருபத்தாறிலும் அப்படித்தான்.
கதவு திறந்தால் பெட்டி குறித்துக்கொள்ளும்.
திறக்கவே இல்லை.
உள்ளே மனிதர் விறைத்துக்கொண்டிருக்க
கணினிக்கு ஒரே குஷி,
இலை மேல் இலை.

இடத்தை வரைபடத்தில் பெரிதாக்கக் கூடாது, விதி.
நான் பெரிதாக்கவில்லை
என்று எழுதினால் பொய்.
மூன்றாம் மாதமே பெரிதாக்கினேன்:
பிர்ச் மரங்கள், ஒரு தகரக் கூரை,
அதற்கு மேல் புள்ளி புள்ளியாய்க் கலங்கிவிட்டது.
சிக்கனக்காரர் என்று நினைத்தேன்.
அந்த ஆண்டின் பசுமை ஓட்டுநர் பட்டியலில்
அவர் எண் ஒன்பதாவது.

பிப்ரவரி இரண்டாம் வியாழன் நிற்கவில்லை.
தகரக் கூரையை நெருங்கியதும் ஒரு மிதி,
உடனே ஒரு விரட்டல்,
ஊசி சிவப்பைத் தொட்டுத் திரும்பியது.
பதினாறு இலை போச்சு.
பெயர் திறந்தது: அர்மாஸ் ஹுஹ்தலா.
கடிதமும் தயாராய் வந்து நின்றது:
உங்கள் ஓட்டும் பாங்கில் மாற்றம் காண்கிறோம்.

அனுப்பாமல் நானே போனேன்.
பனியில் புதைந்த ஊர்க்கூடம், விளக்கில்லை.
குளிருக்குப் பயந்து என்ஜினை ஓடவிட்டு
பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
சுவரொட்டி ஒன்று பாதி கிழிந்து:
பெண்கள் பாடகர் குழு, வியாழன் ஆறு மணி.
அதன் மேல் குறுக்காக ஒரு காகிதப் பட்டை,
கைப்பட எழுதிய ஒரே சொல்: முடிந்தது.

பிறகுதான் அணைத்தேன்.
கொடிக்கம்பத்தில் கயிறு தட்டுவது கேட்டது.
கூடத்துக்குள் ஏதோ குளிர்பெட்டி
உறுமி அடங்குவதுகூடக் கேட்டது.
அது இங்கே எட்டுமென்றால்
பாட்டும் எட்டியிருக்கும்.
டீசல் ஓடியிருந்தால் எட்டாது.

எந்தக் குரலுக்காக? தெரியாது.
ஏன் உள்ளே போகவில்லை? அதுவும் தெரியாது.
இரண்டு வருடமாய் அவர் செவிக்கு
நாங்கள் இலை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆறுதலாய் ஒரு வரி எழுதலாம்தான்.
எழுதினால் பெட்டிக்குக் கண்ணிருப்பது தெரிந்துவிடும்.
திடீர் பிரேக்குக்கான காரணப் பட்டியலில்
போக்குவரத்து, வானிலை, கவனக்குறைவு, விலங்கு
என்று நான்குதான் உண்டு.
விலங்கு என்று குறித்தேன்.
என்ன விலங்கு என்று கேட்டது.
மூஸ், பெரியது.
பதினாறும் திரும்பி வந்தன.

என் கணக்கில் ஓர் இலை கழிந்திருந்தது:
தேவையின்றி என்ஜின் ஓட்டம், பதினோரு நிமிடம்.

இன்று வியாழன், ஆறே கால்.
எழுபத்தொன்று நான்கு வாசலை விட்டு நகரவில்லை,
போன வாரமும் நகரவில்லை.
நகராத காருக்குத்தான்
எங்களிடம் இலை அதிகம்.