முக்கால்

இருபத்தொரு வருடம் அவர் பேசியதையெல்லாம்
நான்தான் தட்டச்சு செய்தேன்.
இருமலைப் பதிவதில்லை, தயக்கத்தைப் பதிவதில்லை.
வெர்லீன் குசேரா, மாவட்ட நீதிபதி, நெப்ராஸ்கா.
என் ஏடுகளில் அந்தப் பெயர்கூட வராது,
"நீதிமன்றம்" என்றுதான் இருக்கும்.
நீதிமன்றம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது.
மழை நாளில்
நீதிமன்றத்துக்கு இடது முழங்கால் வலிக்கும்.

எழுபத்தைந்தில் அவர் கல்லூரியில்
ஓடுகிற பெண்களுக்குச் சீருடை கிடையாது.
கூடைப்பந்துப் பையன்கள் கழித்துப்போட்ட பனியன்,
கக்கத்தில் இரண்டு ஊக்கு.
நாலு பேர் தொடரோட்டத்தில் மூன்றாவது ஆள்.
துப்பாக்கி வெடிப்பது மூன்றாவது ஆளுக்கு இல்லை,
நாடா அறுவதும் இல்லை.
பாதியில் வாங்கி முக்காலில் கொடுக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
"கீழே ஷெரீப் எழுதியதை வாங்கி
மேலே மூவர் அமர்வுக்குக் கொடுக்கிறேன்,
இடம் மாறவில்லை" என்பார்,
"செருப்புதான் மாறியிருக்கிறது."

விச்சிட்டாவில் இறுதிப் போட்டி, எதிர்க்காற்று.
ரோடா ப்ரெஸ்லர் உள்ளங்கையைப் பின்னால் நீட்டி
ஓடத் தொடங்கிவிட்டாள்.
கோல் விழுந்தது.
கரித்தூள் பாதையில் விழுந்தால் சத்தமே வராதாம்.
நான் சீக்கிரம் விட்டேன் என்றார் இவர்.
நான்தான் பிடிக்கவில்லை என்றாள் அவள்.
இருதரப்பும் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த வழக்கு
முப்பத்தெட்டு கிறிஸ்துமஸ் அட்டைகளில் நடந்தது.
பிறகு ரோடாவின் மகன்
ஒரு அட்டை அனுப்பினான், கறுப்பு ஓரத்தோடு.

பதவியேற்றபோது யாரோ கொடுத்த
பித்தளைத் துலாக்கோலில்
ரப்பர் பேண்டுகளை மாட்டிவைத்திருந்தார்.
கோல் என்றாலே அவருக்கு
விழக்கூடிய பொருள்.

ஹால்வர்சன் தம்பதியின் வழக்கு.
வெள்ளிதோறும் பெட்ரோல் பங்க் ஓரத்தில்
குழந்தை கைமாற வேண்டும்.
ஜனவரியில் ஒருநாள் அப்பா இறக்கிவிட்டுப் போய்விட்டார்,
அம்மா வரப் பதினொரு நிமிடம் ஆனது.
"எப்போது விட்டீர்கள்?"
"சரியாக ஐந்து மணிக்கு, மேடம்."
"மணி கேட்கவில்லை. அவள் கையை எப்போது விட்டீர்கள்?"
அவர் பதில் சொல்லவில்லை.
சொல்லாததற்கு என் இயந்திரத்தில் விசை இல்லை.
உத்தரவின் ஒன்பதாம் பத்தி:
வாங்குபவர் பிடித்தது உறுதியாகும்வரை
கொடுப்பவர் விடலாகாது.
பக்கத்து மாவட்ட வக்கீல்கள் அதை
அப்படியே நகலெடுத்துக்கொண்டார்கள்.
யாருக்கும் விச்சிட்டா தெரியாது.

லெஸ்டர் ஓட்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
சோளக் கிடங்கில் திருட்டு, நான்கு ஆண்டு என்றார்.
அன்று வெளியே பனிப்புயல் எச்சரிக்கை,
ஜூரிகள் வீட்டுக்குப் போகத் துடித்தார்கள்,
நானும்.
மேல்முறையீட்டில் விடுதலை ஆகும்போது
ஓட்ஸ் பத்தொன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டான்.
அந்தத் தாள் வந்த காலை
வேறு ஏதோ வேலித் தகராறை நிறுத்திவிட்டுச் சொன்னார்:
"ஓட்ஸ் வழக்கில் நான் அவசரப்பட்டேன். பதியுங்கள்."
பழக்கத்தில் "நீதிமன்றம் அவசரப்பட்டது" என்று அடித்தேன்.
மேடையிலிருந்து இறங்கி வந்தார்,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு,
என் தோளுக்கு மேலாகப் படித்தார்.
"நான் என்று போடுங்கள்."
இருபத்தொரு வருட ஏட்டில்
அந்த ஒரு எழுவாய் மட்டும் அவருடையது.

கடைசி நாள். மார்ச்.
பிளாட் ஆற்றுப்பக்கம் கொக்குகள் இறங்கும் இரைச்சல்
ஜன்னல் சாத்தியும் கேட்டது.
உரைகள், கேக், ஆளுநரிடமிருந்து ஒரு கடிதம்.
எல்லோரும் போனபின்
இயந்திரத்தை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.
அவர் காப்பிக் கோப்பையை நீட்டினார்.
பிடித்தேன்.
அவர் விடவில்லை.
"சூடு" என்றார்.