தறி நிற்கும் நாலு நிமிடம்

ஏற்காட்டு எஸ்டேட் பங்களா ஏலத்தில்
யாரும் கைதூக்காத சாமானாக நின்றது.
காப்பிக்கொட்டை உலர்த்தும் தகரத்தைவிடக்
கொஞ்சம்தான் கூடுதல் விலை.
குட்டியானை வண்டியில் கயிறு போட்டுக் கட்டி
இருபது கொண்டை ஊசியும் இறக்கினோம்.
ஒவ்வொரு வளைவுக்கும் உள்ளிருந்து
'ம்' கொட்டிக்கொண்டே வந்தது.
கீழிருந்து ஆறாவதில் எதுவோ உடைந்து
அதன்பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டது.

உடைந்தது ஒரே ஒரு கட்டை.
நடு ஸி-க்கு மேலே உள்ள ஈ-ஃப்ளாட்.
அமுக்கினால் டொக்.
ஆள் இல்லாத வீட்டுக் கதவை
விரல் மடக்கித் தட்டுவது போல.
பெங்களூரில் ஒருவர் பழுது பார்ப்பாராம்,
அவர் வந்துபோக
இரண்டு மாத வேட்டிக் கூலி.

மகன் கேட்டு அழுது
மூன்றாம் நாள் மறந்துபோன கீபோர்டில்
முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டினேன் நான்.
அம்மாப்பேட்டையில் எங்கள் தெரு
பாதிப் பேச்சை வாயசைவில் முடித்துக்கொள்ளும்.
யாருக்கும் தொந்தரவில்லை.

ஞாயிறு மத்தியானம், கரண்ட் இருக்கையிலேயே
குருலிங்கம் தறியை அணைப்பார்.
"நாலே நிமிஷம். அதுக்கு மேல ஆகாது."
என் வாசிப்பு அவருக்குப் பிடிக்குமா, கேட்டதில்லை.
அந்த நாலு நிமிடமும்
நூல் சிக்கெடுக்கும் சாக்கில் வாசலில் உட்கார்ந்து
எதிர்வீட்டுப் பையன் வண்டியை உதைக்காமல்
பார்த்துக்கொள்வார்.

ஜவ்வரிசி டப்பாமேல் போன் சாய்ந்திருக்கும்.
முதல் தரம், மூன்றாம் பக்கத்தில் விரல் சறுக்கும்.
அடுத்த ஞாயிறு, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்
ஒலிபெருக்கியில் வரும்.
அதையும் சேர்த்தே அனுப்பிவிடுவேன்.

நாங்கள் பதினொரு பேர்.
முகம் தெரியாது, கைகள் தெரியும்.
நார்வேயில் மீன் ஆலைக்காரி ஒருத்தி,
விரல் நுனிகள் எப்போதும் சிவந்து.
உருகுவேயில் பல் மருத்துவர்,
பாய்ச்சலாகத் தொடங்கிக்
கடினமான இடம் வந்ததும்
அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தாற்போல் தடுமாறுவார்.
நாக்பூரின் ரயில்வே கணக்கர்
பக்கம் புரட்டும்போது இருமுவார்.
அந்த இருமல் இல்லாத ஃப்யூக்
இப்போதெல்லாம் எனக்குக் குறையாகப் படுகிறது.
பிரமாதம் என்று யாரும் சொல்வதில்லை.
"இரண்டாம் பக்கக் கடைசியில்
பெடலைக் கொஞ்சம் முன்னமே எடு" என்பார்கள்.
எடுத்தால் சரியாக இருக்கும்.

மாசியில் ஒரு நாக்டர்ன் அனுப்பினேன்.
அதில் ஈ-ஃப்ளாட் பதினேழு இடத்தில் வரும்.
பதினேழு இடத்திலும் டொக்.
மன்னிக்கவும் என்று மட்டும் எழுதினேன்.

ஒன்பது நாள் கழித்து
நார்வேயிலிருந்து ஒரு பதிவு.
நாலு நிமிடம், பதினோரு விநாடி.
திறந்தால் ஒன்றுமில்லை.
ஃபிரிட்ஜ் முனகுகிறது.
நாற்காலி ஒரு தரம் கிரீச்சிடுகிறது.
அனுப்பியதில் ஏதோ கோளாறு என்று
மூடப் போனேன்,
ஒரு ஈ-ஃப்ளாட்.
பிறகு வெறும் முனகல்.
பிறகு இன்னொன்று.

நான் தயங்கிய இடத்தில் தானும் தயங்கி,
நான் அவசரப்பட்ட இடத்தில் தானும் அவசரப்பட்டு,
என்னிடம் இல்லாததை மட்டும்
வாசித்திருந்தாள்.

என் போனில் என்னுடையது.
மகன் போனில் அவளுடையது.
தறியை அணைத்துவிட்டு வந்து
குருலிங்கம் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல
இரண்டையும் சேர்த்து அமுக்கினோம்.

சேரவில்லை.
சேலத்து வெயிலில் என் பியானோ
கால் சுரம் இறங்கிக் கிடந்தது.
அவள் சுரம் ஒவ்வொரு தரமும்
விலாசம் தவறி வந்த விருந்தாளிபோல்
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
வாசலிலேயே நின்றது.
மகன் சிரித்துவிட்டான். நானும்தான்.

குருலிங்கம் சிரிக்கவில்லை.
அறுந்த இழையைத் தேடுகிற முகம்.
"பதினாறுதான் வந்துச்சு" என்றார்.
"கடைசிக்கு முந்தினது காணோம்.
பேரீச்சம்பழக்காரன் கத்துற இடம்.
இன்னொரு தரம் போடு."

தறி நின்று
எட்டு நிமிடம் ஆகியிருந்தது.