கான் மாலை

உட்துறைமுக வீதியில், செட்டுக்கு முன்னால்
மண்ணெண்ணெய்க் கான்கள் வரிசையாய் நின்றன.
யாரும் இடையில் செருகிவிடாதபடி
பழைய வலைக்கயிற்றில்
பிடியோடு பிடி கோத்திருந்தார்கள்.
எங்களுடையது நூற்றுப் பதினேழாவது.
வெள்ளைக் கான், மூடி தொலைந்தது,
வாய்க்கு ஒரு பொலித்தீன் துண்டு.

மரியநேசன் இரவுக் காவல். நான் பகல்.
படகு பதினாறு நாளாய்க் கரையில்.
எஞ்சினைச் சாக்கால் மூடி வைத்திருக்கிறோம்
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

ஒளிக்காமல் சொல்கிறேன்,
முதல் நாள் நான் செபித்தது இப்படித்தான்:
ஆண்டவரே, முன்னால் நிற்கிறவர்களில்
இருபது பேருக்காவது
சலித்துப்போய் வீட்டுக்குத் திரும்பும் மனதைத் தாரும்.
அவர் கேட்டிருப்பார்.
பதில் சொல்லாமல் விட்டது அவருடைய மரியாதை.

இரண்டாம் நாள்
கச்சான் காற்று தூசியை முகத்தில் அள்ளி எறிந்தது.
செபமாலை வீட்டில், அரிசிப் பானைக்கு மேல் ஆணியில்.
சும்மா இருந்து பழகாத விரல்கள்.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
முதல் கானிலிருந்து தொடங்கினேன்.

அருள் நிறைந்த மரியே என்றேன்,
தொட்டது வெறுங்கான்.
அடுத்ததும் வெறுங்கான்.
நிறைந்தவளின் பெயரைச் சொல்லிச் சொல்லி
வெறுமையை விரலால் தள்ளுகிற
இப்படியொரு மாலையை
எந்தக் குருவும் மந்திரித்துத் தந்திருக்க மாட்டார்.

மணி மணியாய்த் தொடுகிறவள்
பார்க்காமல் எப்படிப் போவது?
நீலக் கானில் ஆணியால் கீறிய பெயர், ரசூல்தீன்.
கிண்ணியாவிலிருந்து விடியமுன் வந்தவர்.
சோமலதா அக்காவின் கான் கழுத்தில் பிரித் நூல்.
திருக்கடலூர்ப் பையனுடையதில்
மூன்று கோடாய்த் திருநீறு, வியர்வையில் பாதி அழிந்து.
ஒன்று மிகச் சின்னது,
ஐந்து லீற்றர்கூடக் கொள்ளாது,
அடியில் வெடிப்பு, மெழுகு உருக்கி ஒட்டியிருந்தது.
அதன் முன்னால் வந்தபோதுதான்
என் முதல் நாள் செபம் ஞாபகம் வந்தது.
அந்த இருபது பேரில் இவனும் ஒருவன்.
அந்தக் கானுக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.
இரண்டாவது தடவை சத்தம் சரியாக வரவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் பவுசர் வந்தது.
கயிறு அவிழ்ந்தது, ஆட்கள் ஓடினார்கள், யாரோ ஏசினார்கள்.
சின்னக் கானின் சொந்தக்காரனை அப்போதுதான் கண்டேன்.
மெலிந்த ஆள், ஒரு காலில் மட்டும் செருப்பு.
கான் நிறைந்ததும் மெழுகு விட்டுவிட்டது.
அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு,
சொட்டும் சிந்தாமல்,
நன்மை வாங்கியவனைப் போல
மெல்ல மெல்ல, பிறகு ஓட்டமாய்ப் போனான்.

நூற்று ஒன்பதாவது கான் நிறைந்தது.
நூற்றுப் பத்தில் குழாய் இருமியது,
காற்றை மட்டும் ஊற்றியது.
செட்காரன் கையை விரித்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
வரக்கூடாத நேரம். ஆனாலும் வந்தது,
வயிற்றிலிருந்து, கண்ணில் நீரோடு.
பக்கத்தில் நின்றவர் வெயில் தலைக்கேறிவிட்டது என்று
தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.
குடித்தேன். அதுவும் ருசியாக இருந்தது.

கானைத் திரும்பக் கயிற்றில் கோத்துவிட்டு
வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தேன்.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
பழத்தோலுக்கு வரிசையில்லாமல் முண்டிக்கொண்டிருந்தன.

"கிடைச்சதா?" என்றான் மரியநேசன்.
"இல்லை."
"பிறகேன் சிரிக்கிறாய்?"
சொல்லத் தெரியவில்லை.
அவன் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தான்,
பிறகு போய்த் துடுப்பை எடுத்து வந்தான்.

கைவலி விட்ட தூரம்வரை போனோம்.
டச்சுக்குடா தாண்டவில்லை.
பதினான்கு சூடை. ஒன்றைப் பூனை கொண்டுபோனது.
அற்புதம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்,
குழம்புக்குப் போதும்.

விடிய நாலு மணிக்கு அவனை மாற்றப் போக வேண்டும்.
எங்களுடையது இப்போது எட்டாவது கான்.
பின்னால் எத்தனை என்று இன்னும் எண்ணவில்லை.
நாளைக்குக் கடைசிக் கானிலிருந்து தொடங்குவேன்.