விசிறி

பாரிஸில் மழை. ஏழாம் மாடி.
சொலேன் ஐரோப்பாவின் கோட்டைக் கீழே இறக்குகிறாள்,
மவுஸின் ஒரே இழுப்பில்.
வருத்தம் ஒன்றுமில்லை;
அவள் தெருவிலேயே பெட்ரோல் பங்க் போய்
பூக்கடை வந்து இரண்டு வருடம்.

சீனாதான் மதியச் சாப்பாட்டைக் கெடுத்தது.
ஏறுகிறதா, உச்சியில் நின்று மூச்சு வாங்குகிறதா?
"இறங்கத் தொடங்கிவிட்டது" என்கிறான் எதிர்மேசை ஹென்னிங்.
போன வருடமும் இதையேதான் சொன்னான்.

ஆப்பிரிக்காவுக்கு வர ஐந்தரை ஆகிவிட்டது.
ஐம்பத்து நான்கு நாடுகள், ஒரே கோடு, ஆரஞ்சு நிறம்.
2050 வரை நீட்டினால்
விசிறிபோல் விரிகிறது:
மேல் விளிம்பு, கீழ் விளிம்பு,
நடுவில் யாரும் பொறுப்பேற்காத சாம்பல்.

அந்தச் சாம்பலுக்குள் எங்கோ
கம்பாலாவின் வண்டேகேயா சந்திப்பில்
கிஸிட்டோ பைக்கை ஒருபக்கம் சாய்க்கிறான்,
டாங்கின் மூலையில் ஒதுங்கிய பெட்ரோல்
குழாய்ப் பக்கம் வந்து சேரட்டும் என்று.
இரண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்.
வாடகை பைக்குக்கு அங்கே பெயர் போடாபோடா.
நம் காதுக்கு விரட்டுவதுபோல் இருக்கும்;
அங்கே அது வா என்று கூப்பிடும் குரல்.

கணக்கெடுக்க வந்த பெண் கேட்டாள்:
ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?
"நேற்றா, இன்றா?"
சராசரியாக.
சராசரி என்ற ஆளை அவன் ஏற்றிப் போனதேயில்லை.
பள்ளி திறந்தால் ஐந்து. மழை என்றால் இரண்டு.
தங்கைக்கு வலி எடுத்த ராத்திரி
முலாகோ ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை,
காசு வாங்காத நடை, அதையும் எழுதுவாயா?
அவள் மூன்றரை என்று எழுதிக்கொண்டாள்.

பேட்டரி பைக்குக்கு மாறு என்கிறான் லுபேகா,
தவணைக்குத் தருகிறார்களாம்.
மாறலாம். மாறாமலும் போகலாம்.
மகளின் பள்ளிக் கட்டணம் கட்டிய பிறகு
கையில் என்ன நிற்கிறதோ, அது சொல்லும்.
விசிறியின் அகலம்
பாதி இதுதான் என்று
சொலேனுக்கு யாரும் சொல்லவில்லை.

உலகம் நாளொன்றுக்குக் குடிப்பது
ஏறத்தாழப் பத்துக் கோடிப் பீப்பாய்.
அதில் இந்த மூன்றரை எள்ளளவும் தேறாது.
ஆனால் எள்ளில் பிறந்த சொல்தானே
எண்ணெய்.

சொலேன் கோப்பைச் சேமித்துவிட்டு
குடையைத் தேடுகிறாள்.
கம்பாலாவில் இருட்டிவிட்டது.
கிஸிட்டோ மறுபடியும் பைக்கைச் சாய்க்கிறான்,
கொஞ்சம் ஆட்டுகிறான்,
டாங்கில் காதை வைத்துக் கேட்கிறான்.