ஏழு அட்டை

செல்லூரில் மதியம் ஒன்றே முக்கால்.
கதவைத் திறந்த முத்துராக்கு
உதட்டில் விரல் வைத்தாள்.
தகரக் கூரையின் கீழே, அறையின் நட்டநடுவில்
அழகுமலை.
மாட்டுத்தாவணியில் ராக்காவல்.
நெஞ்சில் போட்ட ஈரத்துண்டு காய்ந்து
அப்பளமாய் நிமிர்ந்திருந்தது.

டேப்பின் நுனியை அவள் பிடித்துக்கொள்ள
அவரைத் தாண்டி நடந்தேன்.
நீளம்:
இரண்டு கை, ஒரு விரல், பிறகு பாதி மடித்த விரல்.
அகலம் இரண்டு கை, அவ்வளவுதான்.
சுருள்கையில் சடக்கென்று அடிக்கும் டேப்பை
உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன்.
எரிந்தது.

நூற்றுப் பதினைந்து சதுர அடி.
வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை
ஒன்றுக்கு எட்டு.
பதினைந்து வேண்டும். சேதாரத்துக்கு ஒன்று.
"நகைக்கடையா வச்சிருக்கீங்க?"
கிசுகிசுப்பிலும் குத்தியது குரல்.
அட்டை நூற்றுத்தொண்ணூறு என்றேன்.
சேலை முடிச்சில் இருந்தது ஆயிரத்து நானூறு.

ஏழு வரும். மிச்சம் எழுபது பசைக்கு.
பாதிக் கூரைக்கு ஒட்டினால் பிரயோஜனமில்லை என்று
சொல்லச் சொல்லித்தான் கடையில் சம்பளம்.
வாயைத் திறந்தேன்.
அவர் புரண்டார்.
மூடிக்கொண்டேன்.

என் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை
அவளே எடுத்தாள்.
"வேலை விட்டு வந்து விழுறது இங்க"
கிழக்குச் சுவரோரம் ஒரு கோடு.
"பத்தரை, பதினொண்ணுக்கு இந்தாக்ல உருளுவாரு.
நாலு மணிக்கு மேக்குச் செவுத்துல மூக்கு.
கண்ணு மட்டும் தொறக்காது."

ஏணி வைத்து எட்டிப் பார்த்தேன்.
கிழக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி,
காலையெல்லாம் அதன் நிழல் தகரத்தில்.
மேற்கே இரண்டு மாடிச் சுவர்,
அதன் நிழல் இப்போதுதான் விளிம்பைத் தொடுகிறது.
ஒன்று விட்ட இடத்துக்கும்
மற்றது வந்து சேரும் இடத்துக்கும் நடுவே
ஐந்தரை அடி
யாருமில்லாமல் கொதித்தது.
அதற்கு நேர் கீழே அவர்.

ஐந்தரைப் பத்து ஐம்பத்தைந்து.
ஏழெட்டு ஐம்பத்தாறு.
சேதாரம் ஒரே ஒரு சதுர அடி.
இருபது வருஷத்தில்
இவ்வளவு ஒட்டி வந்த கணக்கு எனக்கில்லை.

ரசீது எழுதும்போது கேட்டேன்,
நிழலை நம்பிக் கழித்திருக்கிறேனே,
மேற்கு வீட்டுக்காரர் எப்படி என்று.
"தகராறு புடிச்ச ஆளு. சாக்கடைக்குச் சண்டை.
இன்னொரு மாடி எடுக்கப் போறானாம்"
என்றாள்.
உருளத் தொடங்கிய அழகுமலையின் காலடியில்
செம்பை நகர்த்தி வைத்துவிட்டு,
"எடுக்கட்டும்."