ஏழாம் கட்டம்

டிசம்பர் பிறந்தால் என் கடைக்கு வருவார்
லான் அம்மாள்.
கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை,
அதற்குள் தைரியநாதன்:
பத்தொன்பது வயது, தொப்பி கொஞ்சம் பெரிசு,
பிரெஞ்சுக் காலாட்படை,
எண் மங்கிவிட்டது.

"உயிரோட இருக்கேன்னு எழுது."

ஜெராக்ஸ் மிஷின் சூடேறும்வரை தட்டச்சு செய்வேன்.
விதவை. மறுமணம் இல்லை. உயிருடன் இருக்கிறார்.
வருடம் ஒருமுறை இதை நம்பினால்
கான்சலேட் பணம் தரும்.

ஏழாம் கட்டம்: கணவர் பங்கேற்ற நடவடிக்கைகள்.
சண்டை என்று அவர்கள் எழுதுவதில்லை.
நடவடிக்கை.
ஏதோ வாய்க்கால் தூர்வாரப் போன மாதிரி.
டோங்கிங், 1951 முதல் 1954 வரை என்று அடிப்பேன்.

"யார எதுத்துன்னு கேக்கலியா?"
இல்லையே அம்மா.
"கேட்டா சொல்லு. என் தம்பிய."

தம்பி தோவான் சைக்கிளில் அரிசி கொண்டுபோனவன்.
மிதித்து அல்ல, தள்ளிக்கொண்டு.
ஹேண்டிலில் மூங்கில் கட்டி, இருநூறு கிலோ,
மலைமேல், இருட்டில்,
டயருக்குள் தன் கால்சட்டையைக் கிழித்துத் திணித்து.
"சைக்கிள் பிரான்ஸுல செஞ்சது" என்று
ஒவ்வொரு டிசம்பரும் புதிதாகச் சிரிப்பார்.
தம்பி திரும்பவில்லை.
சைக்கிளைப் பற்றித் தகவல் இல்லை.

ஒரு மதியம் மின்சாரம் போயிற்று.
விசிறிக்கொண்டே சொன்னார்:
அவர் ஊர் ஆற்றில் ஆயிரம் வருஷம் முன்பு
கழி நட்டார்களாம், நுனியில் இரும்பு பூட்டி.
ஓதம் ஏறித் தண்ணீர் மூடிக்கொண்டது.
சின்னப் படகுகள் சீனக்காரன் கப்பலுக்குப் பயந்து ஓடுவதுபோல் ஓடின.
அவன் துரத்தி வந்தான்.
தண்ணீர் வற்றியது.
"முந்நூத்தம்பது வருஷம் கழிச்சு வேற ராஜா, வேற எதிரி.
அதே ஆறு, அதே கழி.
ரெண்டாந் தடவையும் ஏமாந்தாங்க, பாரு!"
அந்த 'பாரு'வில் நேற்று நடந்த மாதிரி ஒரு குதூகலம்.

தைரியநாதன் கப்பலேறியது நம்ம பழைய பாலத்திலிருந்து.
அடுத்த வருஷப் புயல் பாலத்தைத் தின்றது.
அதற்கும் இரண்டு வருஷம் கழித்து
கீழூரில் ஒரு நாள் ஓட்டெடுத்தார்கள்,
சில நாளில் கொடி இறங்கியது.
துப்பாக்கி கொடுத்து அனுப்பிய நாடு
அவர் திரும்பிவரும்போது ஊரில் இல்லை,
பென்ஷன் மட்டும் இருந்தது.

மனைவியோடு படகில் கரைக்கு வருகிறார்.
கடலுக்குள் வரிசையாகக் கருத்த குற்றிகள்.
லான் அம்மாளுக்கு அப்போது இருபத்திரண்டு,
தமிழில் இரண்டு வார்த்தை தெரியும்.
இவங்களும் நட்டிருக்காங்க,
என்று நினைத்தாராம்.
"பாலம் ஒடஞ்சதுன்னு இவர் சொன்னார்.
நம்பல."

இன்றும் கடற்கரைச் சாலையில் நின்றால் தெரியும்
ஐஸ்கிரீம் வண்டிகளுக்குப் பின்னால், காகம் உட்கார்ந்த குற்றி.
நம் கடலுக்கு அவ்வளவு வற்றத் தெரியாது,
ஓதமே முழங்கால்தான்.
நாங்கள் யாரையும் அந்த வழியில் துரத்தவும் இல்லை.
என் பெரியப்பா உட்பட பாதித் தெரு
வரிசையில் நின்று சொல்தா ஆனது.
இதை அவரிடம் சொன்னதில்லை.
அவருக்குத் தெரியாமலும் இருக்காது.

அன்று படிவத்தைத் திருப்பிப் போட்டு
"பின்னால வெள்ளையா கெடக்கே" என்றார்.
பென்சிலால் எழுதினேன்:
தோவான், ஹைஃபோங் பக்கம், அரிசி தள்ளினவர்.
பிறந்த தேதி சொன்னார்.
இறந்த தேதிக்கு உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாம் வாரம் கான்சலேட் கடிதம்:
தொடர்பற்ற குறிப்புகளைத் தவிர்க்கவும்.
அடுத்த வருஷமும் எழுதினோம்.
அதற்கடுத்த வருஷமும்.
பணம் நிற்கவில்லை, கடிதமும் நிற்கவில்லை.

இந்த டிசம்பர் படிவத்தையே மாற்றிவிட்டார்கள்.
பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் விதிமுறைகள்.
ஒரு நகம் நுழைய இடமில்லை.
நான்தான் சங்கடப்பட்டேன்.

லான் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி
தாளை முகத்தருகே வைத்து
விரலால் அளந்தார்,
துணி எடுக்கிறவரைப்போல.

"ஓரம் இருக்கே" என்றார்.